பால்குடத்துக்கு முன் குடித்த கஷாயம்

அந்தச் செடியின் பெயரை எழுத மாட்டேன். இன்னும் யாராவது தேடிக்கொண்டு போவார்கள்.

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு வெகு முன்பு, ரோஸ் பெல்லில் கரும்புத் தோட்டத்தை ஒட்டிக் குடியிருந்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம், வயிறு திறக்கவில்லை. என் கணவர் தைப்பூசத்துக்குத் தவறாமல் காவடி எடுத்தார். அந்த வருஷம் நானும் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டேன். கேட்டது ஒரே ஒரு பிள்ளை. ஆணா பெண்ணா என்றுகூடப் பேரம் பேசவில்லை.

கொடியேற்றத்தன்று காப்புக் கட்டினால் பத்து நாள் விரதம். நடுவில் தீட்டு வந்துவிட்டால் பால்குடம் போச்சு. அதனால் எங்கள் பெண்கள் முன்கூட்டியே நாள் எண்ணுவார்கள். இடிக்கும் என்று தெரிந்தால் ஒரு கஷாயம் குடித்து முதலிலேயே வரவழைத்துக்கொள்வார்கள். அந்தக் கஷாயத்தைத் தீசான் என்போம். அதை ஆபத்து என்று யாரும் நினைத்ததில்லை. வீடு கழுவுவது மாதிரி அதுவும் விரதத்துக்கு ஒரு தயாரிப்பு.

எனக்கு ஐந்து வாரம் தள்ளிப் போயிருந்தது. அது ஒன்றும் புதிதல்ல, என் நாள் என்றைக்கும் ஒழுங்காக வந்ததில்லை. கொடியேற்றத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. சரியாக விரதத்தில் வந்து தொலைக்கும் என்று பயம். நாத்தனார் என்னை மாயெபூர் சந்தைக்குக் கூட்டிப் போனாள்.

கஷாய இலை விற்றவள் கழுத்தில் சிலுவை. அவள் பாட்டனும் எங்கள் ஆட்களோடு கப்பலில் வந்தவன்தானாம். இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"தோ பா ஆன்சேந்த்?"

வயிற்றில் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஊரார் ஜாடை பேசுவது போதாதென்று இவளுமா என்று ஆத்திரம்.

"வயித்துல இருந்தா நான் ஏன் கோயிலுக்கு நேந்துக்கறேன்?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் குடித்தேன். நாலாம் நாள் காலையில் வந்தது. முருகன் வழி விட்டுவிட்டான் என்று நாத்தனார் சிரித்தாள். நானும் படத்துக்கு முன் நின்று நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மத்தியானத்துக்குள் இடுப்பு விட்டுப்போனது. மறுநாளும் நிற்கவில்லை. மருத்துவச்சி வந்து துணியை விரித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். ரெண்டு மாசம் தாண்டியிருக்கும் என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அவள் துணியைச் சுருட்டிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

அவருடைய விரதம் கலங்கக்கூடாது என்று நாத்தனாரும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். வழக்கமான தீட்டுதான், கொஞ்சம் அதிகம் என்று சொன்னோம். அவர் காப்புக் கட்டிக்கொண்டார்.

பூசத்தன்றும் எனக்கு முழுசாக நிற்கவில்லை. நாத்தனார்தான் ஏழு கறி சமைத்து அவருக்கு இலை போட்டாள். சாப்பிட்டுவிட்டு, நான் தனியாக உட்கார்ந்திருந்த பின்கட்டுக்கு வந்தார். வேல் குத்திய நாக்கு வீங்கியிருந்தது, பேச்சு குழறியது.

"ஒனக்கும் சேத்து நானே கேட்டுட்டேன். இந்த வருஷம் கண்டிப்பா குடுப்பான்."

கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டான், நான்தான் குடித்துக் கலைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. சரி என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தங்கவில்லை. அவர் இன்னும் பதினோரு காவடி எடுத்தார், எல்லாம் பிள்ளைக்காகத்தான். அவர் சாகும்வரை நான் சொல்லவே இல்லை.