திருப்பி வச்சுக்குங்க

எங்கள் பெரம்பலூர் செஸ் அணித் தலைவருக்கு என் ஆட்டத்தைக் கண்டாலே ஆகாது. கறுப்புக் காய் கிடைத்தால், ஆரம்பத்திலேயே ஓரத்துப் பக்கம் ஒரு சிப்பாயைச் சும்மா தூக்கிக் கொடுத்துவிடுவேன். அந்த ஓரத்தில் வழி திறக்கும், என் யானைகள் இரண்டும் சீக்கிரம் இறங்கிவிடும். அதற்காகத்தான் கொடுப்பது. முந்தைய இரண்டு போட்டிகளில் அப்படிக் கொடுத்துத் தோற்றிருந்தேன் என்பதும் உண்மைதான், மறைப்பானேன்.

அரியலூர் அணியோடு மோதப் போன அன்று, போட்டி நடந்த கல்யாண மண்டபத்து வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கும் அந்தக் கிறுக்கு ஆட்டத்த ஆடித் தோத்தீங்கன்னா, அடுத்த தடவ உங்க எடத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன். சொல்லிட்டேன்."

வேப்பந்தட்டையிலிருந்து பஸ் மாறி வந்தவள் நான். அணியில் ஒரே பெண். அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை. ஆனால் பயந்து பயந்து வேறு ஆட்டம் ஆடவும் வரவில்லை. கறுப்புதான் வந்தது. கொடுத்தேன்.

எதிரே, சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். சிப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கவனிக்காம வச்சுட்டீங்க போலருக்கு. பரவால்லம்மா, திருப்பி வச்சுக்குங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் ஆடும்போது வெளியூர்க்காரருக்குக் காட்டுகிற மரியாதை இது. போட்டியில் வைத்த காயைத் திருப்பி எடுக்கவே கூடாது. மனுஷர் அதையும் மறந்து, பந்தியில் இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றுகிற மாதிரி உபசாரம் செய்கிறார். கவனிக்காமலா வைத்தேன்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"தெரிஞ்சுதான் வச்சேன். வெட்டுங்க சார்."

வெட்டினார். பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்த தலைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதன்பின் பெரியவர் கிடைத்ததைக் காப்பாற்றுவதிலேயே குறியாக இருந்தார். என் யானைகள் திறந்த வழியில் வந்து நின்றன. மூலையிலிருந்த மந்திரி குறுக்கே நீளமாகப் பார்த்தது. அவருடைய ராணியும் குதிரையும் இரண்டு சிப்பாய்களுக்குக் காவல் நின்றே ஓய்ந்துபோயின. ஒன்றை வெட்டினேன். இன்னொன்றையும் வெட்டினேன். என் யானை அவர் ராஜாவுக்குப் பக்கத்து வரிசையில் போய் உட்கார்ந்தபோது, அடேயப்பா, நெஞ்சு அடித்த அடி மண்டபத்துக்கே கேட்டிருக்கும்!

பெரியவர் தன் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். "வசமா மாட்டி வுட்டுட்டீங்களேம்மா" என்று சிரித்தார். நல்ல மனுஷர்.

எழுந்தபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டேன், என் வழியிலேயே ஜெயித்துவிட்டேன்!

தலைவர் வந்தார். பாராட்டினால் வாய் சுளுக்கிக்கொள்ளும் அவருக்கு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, அடுத்த போட்டிக்கும் உங்க பேரக் குடுத்துர்றேன். ஆனா அங்கயாவது கொஞ்சம் நிதானமா..." என்று இழுத்தார்.

"நீங்க பேரக் குடுங்க சார். சிப்பாய நான் குடுத்துக்கிறேன்" என்றேன்.