பொட்டு நிற்காத பானட்

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு வாசல் தகரக் கூரைக்கடியில் வைத்து என் கறுப்புக் காருக்கு நானே பாலிஷ் போட்டேன். திராட்சைத் தோட்டத்துப் புழுதி கிழித்த கோடெல்லாம் பாலிஷ் மெஷினுக்கடியில் மறைவதைப் பார்த்ததும் எனக்கு வெறியே பிடித்துவிட்டது. சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில், பெயிண்டைக் காக்கும் சீலண்டைத் தடவிக் காயவிட்டுத் துடைத்தேன்.

மறுநாள் காலையில் பானட்டின் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். அடேயப்பா! ஒரு சொட்டுகூட ஒட்டாமல் உருண்டை உருண்டையாக ஓடி விழுந்தது. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு ஊற்றி ஊற்றிக் காட்டினேன்.

குலசாமி கோயிலுக்குக் கிளம்பும் நேரம். அம்மா சந்தனம் குழைத்து வந்து பானட்டின் நடுவில் பொட்டு வைத்தாள். அது வழுக்கிக்கொண்டு பம்பர் வரை இறங்கியது. திரும்ப வைத்தாள், திரும்பவும் இறங்கியது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தியாம்மா, எதுவுமே ஒட்டாது!" என்று குதித்தேன்.

"ஏலே, சாமி பொட்டே ஒட்டாத வண்டியில நீயே போ. நான் பஸ்ஸுல வாரேன்" என்று கிண்ணத்தோடு தெருவில் இறங்கிவிட்டாள்.

ஓடிப்போய் பாலிஷ் பசையை எடுத்து வந்தேன். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு என் சீலண்டை நானே தேய்த்து அழித்தேன். அம்மாவைக் கூப்பிட்டு அங்கே வைக்கச் சொன்னேன். பொட்டு நின்றது. அம்மா முன்சீட்டில் ஏறினாள்.

இப்போதும் சாரல் அடித்தால் வண்டி முழுக்கத் துளிகள் உருண்டோடுகின்றன. அந்தக் காசகல இடத்தில் மட்டும் தண்ணீர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது, எங்கம்மாவைப் போலவே.