லூமிர் கொடுத்த வெள்ளை ஜெர்சி

லூமிர் கூபிக் என் பெரியம்மா ஆக்னஸின் மூத்த மகன். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் ஆறு. இரண்டு தொட்டிலிலேயே போய்விட்டன, ஒருவன் கொரியாச் சண்டையில் போனான், ஒருத்தி ஒமாஹா நகரத்தில் கன்னிமடத்தில் சேர்ந்தாள். ஊரில் தங்கியவர்கள் லூமிரும் கடைசித் தங்கை ஆல்மாவும்தான். ஆல்மாவை ஸ்லாமா வீட்டில் கொடுத்தோம். ஸ்லாமாக்கள் எங்களுக்கு வேறு வழியிலும் உறவு, அதை இழுத்தால் பொழுது போய்விடும். ஆல்மாவுக்கு ஒரே மகன், டேரல்.

லூமிர் வாலிபத்தில் எங்கள் ஊர்க் கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று வருஷம் இருந்தான். தலைக்கும் தோளுக்கும் கவசம் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் மோதித் தள்ளும் ஆட்டம். மூன்று வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட அவனைக் களத்துக்குள் விடவில்லை. பெரியம்மா சனிக்கிழமை தவறாமல் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போய், மகன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

படிப்பு முடிந்ததும் அங்கேயே சாமான் அறையில் வேலைக்குச் சேர்ந்தான். கவசத்துக்குத் திருகாணி முடுக்குவான், ஜெர்சி துவைப்பான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆல்மா வீட்டில் பன்றி வறுவலும் முட்டைக்கோசும் சாப்பிடுவான். முப்பத்தைந்து வருஷம் இப்படியே ஓடியது.

பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கம்பி வலை ஜன்னல் வழியாக ஜெர்சி கொடுப்பது அவன்தான். பந்தைக் கொண்டுபோகிற பக்கத்துக்கு வெள்ளை, தடுக்கிற பக்கத்துக்குப் பச்சை. காயம் பட்டவனுக்கு மஞ்சள். மஞ்சள் போட்டவன் மேல் யாரும் மோதக்கூடாது. யாருக்கு மஞ்சள் என்று காயம் பார்க்கிற வெர்ன் ஒரு சீட்டு எழுதி ஜன்னலில் குத்திவிட்டுப் போவார். சீட்டில் இருக்கிறபடி லூமிர் கொடுப்பான்.

எண்பத்துநாலில் ரென்ஷா என்று புதுக் கோச் வந்தார். அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் பதினெட்டு ஆட்டத்துக்கு இரண்டுதான் ஜெயித்திருந்தோம். பழைய கோச் யாருக்கும் அடிபடக்கூடாது என்று பயிற்சியில் பிள்ளைகளை நடக்கவிட்டே பழக்குவார். பெற்றவர்களுக்கு அவரைப் பிடிக்கும், மற்றவர்களுக்கு ஆகாது. ரென்ஷா முதல் நாளே எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னாராம்: "செவ்வாய்க்கிழமை அடி வாங்காதவன் சனிக்கிழமை வாங்குவான். ஊர் பார்க்க வாங்குவான்."

செவ்வாயும் புதனும் நிஜ மோதல். இரண்டு பெரிய மூட்டைகளைத் தரையில் போட்டு, நடுவே இருக்கிற சந்தில் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்துவார். ஒரு இடத்துக்கு இரண்டு பேர் போட்டி. விசில் ஊதியதும் எவன் பின்னால் போகிறானோ அவனுக்குச் சனிக்கிழமை பெஞ்சு. சுற்றி நின்று எல்லாரும் கத்துவார்கள். அதோடு இன்னொரு சட்டமும் வந்தது: செவ்வாய்க்கிழமை மஞ்சள் போட்டவன் அந்த வாரம் ஆட்டத்தில் முதலில் இறங்கமாட்டான். மஞ்சள் போட்டவனைப் பார்த்தால் மற்றவர்கள் வாத்துக்குஞ்சு மாதிரி கத்தினார்கள். வெர்னிடம் போய் வலிக்கிறது என்று சொல்கிறவர்கள் குறைந்துபோனார்கள்.

அணி ஜெயிக்கவும் ஆரம்பித்தது. அதை மறைக்க முடியாது. அக்டோபருக்குள் மூன்று ஜெயித்தோம். காப்பிக் கடையில் ரென்ஷாவை யாரும் காசு கொடுக்க விடுவதில்லை.

டேரலுக்கு அது கடைசி வருஷம். தோள் அகலமான பையன், காலில் வேகம் கிடையாது. மூன்று வருஷமாகப் பெஞ்சுதான், மாமனைப் போலவே. அவன் இடத்தில் ப்ரூஸ் என்ற பையன்தான் இறங்குவான். நவம்பரில் உள்ளூர்க் களத்தில் கடைசி ஆட்டம். அன்றைக்குக் கடைசி வருஷப் பிள்ளைகளின் தாயார்களைக் களத்துக்கு அழைத்துப் பூக்கொத்து கொடுப்பார்கள். ஆல்மா அதற்காக நீலக் கோட்டு ஒன்று தைத்து வைத்திருந்தாள்.

அதற்கு முந்தைய வாரம் புதன்கிழமை மோதலில் டேரலுக்குத் தலையில் பலமாக அடி. ஆறு நாளாகியும் காதில் இரைச்சல் நிற்கவில்லை, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. செவ்வாய்க்கிழமைச் சீட்டில் வெர்ன் அவன் பேரை எழுதிவிட்டு, கணுக்கால் முறிந்த வேறொரு பையனை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

டேரல் ஜன்னலுக்கு வந்தான். லூமிர் மஞ்சளை நீட்டினான். அவன் வாங்கவில்லை.

"மாமா, வெள்ளை குடு."

"சீட்டுல உன் பேரு இருக்குடா."

"இருக்கட்டும். இன்னிக்கு ப்ரூஸை ஒரு தடவை தள்ளிட்டா சனிக்கிழமை நான்தான் இறங்குவேன். அம்மா பாக்கணும் மாமா. பூவை வாங்கிட்டு மறுபடி பெஞ்சைப் பாத்துட்டு வீட்டுக்குப் போகவா அவங்க?"

பின்னால் வரிசையில் நின்றவன் குவாக் குவாக் என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

லூமிர் என்னிடம் இதைச் சொன்னது வெகுகாலம் கழித்து. அந்த நேரத்தில் தனக்கு டேரல் முகம் தெரியவில்லை, சனிக்கிழமைகளில் தன் அம்மா போட்டு வந்த கோட்டுதான் தெரிந்தது என்றான். மஞ்சளைக் கூடைக்குள் போட்டுவிட்டு வெள்ளையை எடுத்துக் கொடுத்தான்.

டேரல் ப்ரூஸைத் தள்ளினான், ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கோச் அவன் கவசத்தைத் தட்டிக்கொடுத்தார். பயிற்சி முடிந்து ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், நாலு வருஷமாகத் திறக்கும் தன் அலமாரி எது என்று மாமனிடம் கேட்டான். லூமிர் இருபத்தேழு என்றான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் விஷயத்தைக் கேட்ட வெர்னும், செவ்வாய் முழுக்க மோதியவனுக்குத் தலைவலி எங்கே இருக்கும் என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை ஆல்மா நீலக் கோட்டில் பூ வாங்கிக்கொண்டாள். டேரல் முதலில் இறங்கினான். இடைவேளை வரை நன்றாகவே ஆடினான். அதற்குப் பிறகு ஒரு மோதலில் விழுந்து எழுந்தவன், தன் ஆட்களை விட்டுவிட்டு எதிரணி கூடிப் பேசுகிற வட்டத்தில் போய் நின்றுகொண்டான். கூட்டம் சிரித்தது. ஆல்மாவும் சிரித்தாளாம். பிறகு அவன் முழங்காலிட்டு, அப்படியே முகம் குப்புறச் சாய்ந்தான்.

ஆட்டத்தை ஜெயித்தோம்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் வராந்தாவில் லூமிர் தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டது ஒன்றுதான்.

"சீட்டுல பேரு இருந்துச்சா அண்ணே?"

"இருந்துச்சு."

"சரி, நீ கிளம்பு."

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் நின்றது.

ரென்ஷா மறுவருஷமே பெரிய கல்லூரி ஒன்றுக்குப் போய்விட்டார். அடுத்து வந்தவர் மோதலை வாரத்துக்கு அரைமணி நேரமாகச் சுருக்கினார். அந்த வருஷம் ஆறு ஜெயித்தோம். ரென்ஷா போட்ட உரம் என்று பாதிப் பேரும், எதிரணிகள் அந்த வருஷம் சொத்தை என்று பாதிப் பேரும் காப்பிக் கடையில் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். லூமிர் அந்தப் பேச்சு வந்தால் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிடுவான். வேலையையும் விட்டுவிட்டான்.

டேரல் உயிரோடு வந்தான், வேலைக்குப் போகிற ஆளாக வரவில்லை. பகலில் திரை போட்ட அறையில் இருப்பான். சாயங்காலம் வெயில் தணிந்தால் பின்வாசல் படிக்கு வருவான். லூமிர் கோடையில் அந்த வீட்டுப் புல்லை வெட்டுவான், குளிரில் பனியை அள்ளுவான். ஆல்மா சமையலறை ஜன்னலில் நின்று பார்ப்பாள். வராதே என்றும் சொல்லவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

ஒரு தடவை நான் ஆப்பிள் கொடுக்கப் போயிருந்தேன். லூமிர் புல் வெட்டிக்கொண்டிருந்தான். டேரல் படிக்கு வந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போதே டேரலுக்குத் தலைமுடி நரைத்துவிட்டது.

"மாமா, இன்னிக்கு எனக்கு என்ன கலர்?"

லூமிர் இயந்திரத்தை நிறுத்தினான். "மஞ்சள்டா."

"கோச் திட்டுவாரு."

"நான் பேசிக்கிறேன் அவர்கிட்ட. நீ போய் நிழல்ல உட்காரு."

டேரல் சொன்னபடி உட்கார்ந்தான். இது வாரா வாரம் நடக்கிறது என்று ஆல்மா கூடையை வாங்கும்போது என்னிடம் சொன்னாள். லூமிர் மறுபடி இயந்திரத்தைக் கிளப்பி, வேலி ஓரம் வரை போய்த் திரும்பினான். ஆல்மா ஜன்னலை மூடினாள்.