அறுபத்திரண்டு பேருக்கு ஒரே நம்பர்

பேராச்சி அக்காவை நினைத்தாலே எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது. தாராவியில் எங்கள் சந்தின் கடைசி வீடு அவளுடையது. இருபது வருடமாக ரெடிமேட் பட்டறையில் சட்டைகளுக்குப் பிசிறு நூல் வெட்டினாள். கூலியைக் குறைத்தால் சேட்டிடமே இந்தியில் மல்லுக்கு நிற்பாள். புருஷனிடம் தனக்கென்று ஒரு போன் கேட்க மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.

நான் சுகாதாரத் தொண்டர். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பெண்களின் பெயர் எழுதப் போனேன். நாள் வந்ததும் போனுக்குச் செய்தி வரும். அதற்கு ஒரு நம்பர் வேண்டும்.

“அவுக நம்பரக் குடுத்துராத செல்வி,” என்றாள் அக்கா. “மவளுக்கு மாப்ள பாத்துட்டு இருக்கோம். கேன்சருன்னு ஒரு சொல்லு அந்த போன்ல வந்துட்டா, சம்பந்தம் அப்பிடியே நின்னுரும்.”

“அப்ப என் நம்பரப் போடுதேன்க்கா. மெசேஜ் வந்ததும் நானே வந்து கூப்பிடுதேன்.”

“நீ கூப்பிட்டா வாரேன்ட்டி. மறந்துராத.”

எங்கள் வேலை இப்படித்தான் நடக்கிறது. நம்பர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் பெயரை ஏற்காது. என் சந்துகளில் அறுபத்திரண்டு பெண்களுக்கு என் நம்பர்தான். ரகசியம் காக்க வேண்டுமாம், அதனால் செய்தியில் பெயரும் இருக்காது. ‘நாளை உங்களுக்குப் பரிசோதனை’ என்று மராத்தியில் வரும். யாருக்கு என்று எந்தச் சாமியைக் கேட்பது? முதலில் பதிவேட்டைப் பார்த்து வீடு வீடாக ஓடினேன். பிறகு போலியோ சொட்டு மருந்து, டெங்கு கணக்கெடுப்பு என்று வேலை தலைக்கு மேல் போனது. வந்ததையெல்லாம் மொத்தமாக அழித்தேன். பாவி, பார்க்காமலே அழித்தேன்.

மகள் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சீர்த்தட்டைத் தூக்கும்போது அக்கா முகம் சுளித்தாள். “சுளுக்குதான்ட்டி,” என்றாள். நம்பினேன்.

அடுத்த மாதம் கட்டி வெளியே தெரிந்தது. முற்றிவிட்டது, இனி வலி குறைக்கத்தான் மருந்து என்றார்கள். அன்றே சுகாதார மையத்துக்கு ஓடினேன். பேராச்சி என்ற பெயருக்கு நேரே, மூன்று முறை செய்தி அனுப்பியதாகப் பதிவு இருந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கேட்டாள்.

“ஏட்டி, அந்த மெசேஜ் கடைசி வரைக்கும் வரவே இல்லியா?”

“வரலக்கா,” என்றேன். என் நாக்கு அழுகிப் போக.

“நம்மளையெல்லாம் எவன் நெனச்சிப் பாக்கான். வந்திருந்தா நீ கூப்பிடாமயா இருப்ப?” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.