தேயிலைச் செடிக்குள் அரைச் செங்கல்

அந்தச் செங்கல்லை நகர்த்தியது யாரென்று அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாதா? இருபது வருடங்களாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவிடமே கேட்கலாம். அவர் நலமாக, ஹந்தானையில் அதே வீட்டில்தான் இருக்கிறார். நானும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கே போகிறேன். ஆனால் கேட்ட மறுகணமே, நகர்த்தியது நான்தான் என்று சொன்னதாகிவிடும்.

சென்ற வாரம் அது மறுபடி நினைவுக்கு வந்தது. காலையில் என் மகள் குளியலறையிலிருந்து வெளியே வந்ததும் நான் உள்ளே போய் அவளுடைய பல் பிரஷைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஈரமாக இருந்தால் நிம்மதி. அன்று ஈரமாகத்தான் இருந்தது. இருந்தும் எனக்கு ஏனோ திருப்தி வரவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். பேஸ்ட் வாசனை இல்லை. ஏழு வயதுப் பிள்ளையின் பிரஷை மூக்கருகில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒருத்தியைக் கண்ணாடியில் கண்டேன். அசல் என் அம்மா.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா கண்டி நகரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் லிகிதராக இருந்தார். காலையில் கோப்புகளுக்கு முன்னால் கதிரையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழும்புவார். அவருக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்தபோது, கிளினிக்கில் டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, வீடு எங்கே என்று கேட்டாராம். ஹந்தானை என்றதும், "அப்ப நல்லது, ஒவ்வொரு நாளும் தேயிலை பெக்டரி வரைக்கும் ஏறி இறங்குங்க" என்றாராம். கண்டி நகரம் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து பெக்டரி வரை ஒரே ஏற்றம்.

அன்றிரவே அம்மா சீனிப் போத்தலைக் கதிரையில் ஏறி அலுமாரியின் மேல் ஒளித்துவைத்தார். மறுநாளிலிருந்து காலையில் பாகற்காய்ச் சாறு, இரவில் குரக்கன் ரொட்டி. அப்பா எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. காரணம் இருந்தது. இதற்கு முன் உடம்பைக் குறைப்பதற்கென்று அப்பா வாங்கிய ஸ்கிப்பிங் கயிறு கொடியாகி, அதில் துவாய் காய்ந்துகொண்டிருந்தது. பூப்பந்து மட்டையால் அம்மா கரப்பான் பூச்சி அடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஆரவாரமாகத் தொடங்கி மூன்றாம் நாள் முடிந்தவை.

இந்த முறை ஆரவாரம் இல்லை. கந்தோர் விட்டு வந்ததும் கென்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "போயிட்டு வாறேன்" என்று கிளம்புவார். கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவார். பெக்டரிக்குப் போய்வர ஒரு மணித்தியாலமாவது வேண்டும். மூன்று வாரம் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வளைவுக் கடையில பாண் வாங்கப் போற மாதிரி போ. அப்பா பின்னாலயே போய்ப் பாரு. ஒன்னும் கேக்காத. பாத்துட்டு மட்டும் வா."

வகுப்பில் மொனிட்டராக இருந்த எனக்கு இதைவிடப் பெரிய கௌரவம் கிடைத்ததில்லை. அப்பா வளைவுக் கடையில் உட்கார்ந்து, சீனி போட்ட தேத்தண்ணியும் வடையும் சாப்பிடுகிறார் என்பது எங்கள் இருவருடைய ஊகம். கடை மூன்றாவது மின்கம்பத்துக்கு எதிரே இருந்தது. நான் கடையின் பேக்கரிப் பாண் பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பா கடைப் பக்கம் திரும்பாமலே நடந்துபோனார். எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆறாவது கம்பம் வந்ததும் நின்று, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு பாதையின் இரு பக்கமும் பார்த்தார். குனிந்து தேயிலைச் செடிக்குள் கையை விட்டார். ஏதோ செய்தார். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டு வீட்டை நோக்கி இறங்கினார்.

அப்பா முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது அம்மாவிடம் சொன்னேன். குரக்கன் மாவு பிசைந்த கை நின்றது.

"செடிக்குள்ளயா? போத்தலா?"

"தெரியலம்மா. குனிஞ்சாரு."

அம்மா மடுல்கெல்லத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அண்ணன், என் பெரிய மாமா, கசிப்புச் சாராயப் போத்தலைத் தேயிலைச் செடிக்குள் ஒளித்து ஒளித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். எந்தச் செடியில் போத்தல் என்று தேடி எடுத்து உடைப்பது சிறுமியாக இருந்த அம்மாவின் வேலையாக இருந்ததாம். ஆகவே தேயிலைச் செடிக்குள் ஓர் ஆண் கையை விட்டால் அம்மாவுக்கு வேறு அர்த்தம் கிடையாது. அன்று தேத்தண்ணி கொடுக்கும் சாக்கில் அப்பாவின் முகத்துக்கு மிக அருகில் குனிந்தார். அப்பா, "என்னா புள்ள?" என்று சிரித்தார். அம்மா குசினிக்கு வந்து என் காதில் சொன்னார்: "வாசன இல்ல. எங்க அண்ணனும் வாசன தெரியாம கராம்பு மென்னுட்டுத்தான் வருவாரு."

மறுநாள் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அப்பாவுக்குக் கந்தோர் இருந்தது. அம்மாவும் நானும் ஆறாவது கம்பத்துக்குப் போனோம். அம்மா குடையின் நுனியால் செடிகளை விலக்கினார். என் காலில் அட்டை ஏறியது. சத்தம் போடக்கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டேன். போத்தல் இல்லை. ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ட் பூசிய அரைச் செங்கல் ஒன்று மட்டும் கிடந்தது. அம்மா அதைப் புரட்டினார். அதன் அடியில் மண்ணைக் கிளறினார்.

கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னா தங்கச்சி, செடிக்குள்ள கோழி முட்ட விட்டிருச்சா?"

"இல்லண்ணே, புள்ளட தோடு விழுந்திருச்சு" என்றார் அம்மா. என் இரண்டு தோடும் காதிலேயே இருந்தன.

அன்று மாலை மறுபடி பாண் பெட்டிக்குப் பின்னால் நின்றேன். அப்பா ஆறாவது கம்பத்துக்குப் போனார், செடிக்குள்ளிருந்து செங்கல்லை எடுத்தார், அதைக் கையில் வைத்தபடி சற்று யோசித்தார். பிறகு ஏழாவது கம்பம் வரை மெதுவாக ஏறி, அங்கே ஒரு செடிக்குள் வைத்தார். வைத்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்தால், ஏதோ மலை உச்சியில் கொடி நட்டவர் போலிருந்தது.

விஷயம் விளங்கிவிட்டது: அந்தக் கல் அவர் இதுவரை ஏறிய தூரத்துக்கு அடையாளம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். போத்தல் இல்லை என்றானதில் அம்மாவின் முகம் ஒரு கணம் இளகியது. அடுத்த கணம் கணக்குப் பார்த்தார். "மூணு வாரத்துக்கு ஏழு லைட் போஸ்ட்டா? டொக்டர் பெக்டரிக்குப் போகச் சொன்னாரு. இவரு ஊரயே ஏமாத்துறாரு. வாற மாசம் கிளினிக்ல என்னா சொல்லப் போறாரு?"

இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பக்கத்து வீட்டில் சீனி வருத்தக்காரர் ஒருவருக்குக் கால் எடுத்திருந்தார்கள். அப்பா இந்த வேகத்தில் பெக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கும் கால் போய்விடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. கல் எங்கே இருக்கிறதோ அங்கே வரைதானே அவர் போகிறார்? கல் மேலே இருந்தால் அவரும் மேலே போவார். இவ்வளவு எளிய யோசனை பெரியவர்களுக்கு ஏன் வரவில்லை என்று ஆச்சரியப்பட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தபோது நழுவினேன். செங்கல்லைச் சட்டை மடியில் கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வளைவு ஏறி, பதினாறாவது கம்பத்தடியில் ஒரு செடிக்குள் வைத்தேன். வெள்ளைப் பக்கம் கொஞ்சம் வெளியே தெரியும்படி வைத்தேன். எனக்கும் மூச்சு வாங்கியது. நல்ல காரியம் செய்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் அப்பா கிளம்பினார். கால் மணி போயிற்று. அரை மணியும் போயிற்று. அம்மா வாசலுக்கு வந்து, "இன்னைக்கித்தான் ஒழுங்கா நடக்குறாரு போல" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முக்கால் மணியானது. மேலேயிருந்து பனி இறங்கத் தொடங்கியது. அம்மா படியில் இறங்கி நின்றார்.

அப்பாவைக் கடைக்காரர் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. "மேல ரெண்டாவது வளைவுல ரோட்லயே உக்காந்துட்டாரு தங்கச்சி. செடிசெடியா எதையோ தேடிக்கிட்டே ஏறிப் போனாரு. சீனி எறங்கிருச்சு போல. மொதல்ல சீனி குடுங்க."

அம்மா கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, தானே ஒளித்துவைத்த சீனிப் போத்தலை அலுமாரியின் மேலிருந்து எடுத்தார். அவசரத்தில் பாதி தரையில் கொட்டியது. சீனித் தண்ணீரைக் குடித்துச் சற்று நேரம் கண்ணை மூடியிருந்த அப்பா, கண்ணைத் திறந்து சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"கல்லக் காணோம்."

"என்னா கல்லு?" என்றார் அம்மா, ஒன்றும் தெரியாதவர் போல.

அப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என் சட்டையைப் பார்த்தார். மடியில் செங்கல் தூள் சிவப்பாக ஒட்டியிருந்தது. அடுத்த நாள் காலையில் அந்தச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அப்பா நடக்கப் போகவில்லை. கென்வஸ் சப்பாத்து கதவுக்குப் பின்னால் கிடந்தது. அம்மா ஒரு நாளும் "என்னாங்க, போகலையா?" என்று கேட்கவில்லை. இரண்டு வாரம் வீட்டில் மூன்று பேரும் தரையைப் பார்த்தே நடந்தோம். அந்தக் கல்லை எடுத்துவந்து பழைய இடத்தில் வைத்துவிடலாம் என்று தினமும் நினைத்தேன். அந்த இரண்டாவது வளைவுப் பக்கம் போகவே பயமாக இருந்தது.

பிறகு ஒரு மாலை அப்பா சப்பாத்தைப் போட்டார். கையில் ஒரு துணிப்பை. என்னை யாரும் அனுப்பவில்லை. இருந்தாலும் செவ்வரத்தம் வேலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தூரம் போகத் தேவையிருக்கவில்லை. எங்கள் படிக்கட்டுக்கு எதிரே நிற்கும் முதலாவது கம்பத்தடியில் அப்பா நின்றார். பையிலிருந்து அந்தச் செங்கல்லை எடுத்தார். அதே அரைக் கல், அதே வெள்ளைப் பெயின்ட். அங்கே தேயிலை கிடையாது. எல்லோருக்கும் தெரியும்படி கம்பத்தின் அடியிலேயே வைத்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலிப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், அல்லது பார்த்ததாக எனக்குத் தோன்றியது. வீட்டுக்குள் போய்விட்டார்.

கல் எப்போது கிடைத்தது? காணோம் என்று சொன்ன அன்று கிடைத்ததா, பிறகு எங்களுக்குத் தெரியாமல் அந்த ஏற்றத்தில் மறுபடி ஏறினாரா? அதெல்லாம் பிற்பாடு வந்த கேள்விகள். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஏழில் இருந்தவர் ஒன்றுக்கு வந்துவிட்டார். குசினிக்கு ஓடினேன்.

"அம்மா, அப்பா மொத போஸ்ட்டோட திரும்பிட்டாரு. கல்ல அங்கயே வச்சிட்டாரு. இது அத விட ஏமாத்து."

ஏழு கம்பத்துக்கே அவ்வளவு கோபப்பட்ட அம்மா, ஒரு கம்பத்துக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்தேன். அம்மா ஜன்னல் வழியாகக் கல்லைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "சரி, விடு. இனி பின்னால போகாத" என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். போகும்போது சிரித்தார் என்றே நினைக்கிறேன். டொக்டர் சொன்னதை விட்டுக்கொடுத்து அம்மாவும் அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டார் என்று எனக்கு அம்மா மீதும் சந்தேகம் வந்தது. வாரக்கணக்கில் நீடித்தது.

அப்பா பெக்டரிக்குப் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேலாயிற்று. இடையில் மழைக்கு நின்றார், காய்ச்சலுக்கு நின்றார், சும்மாவும் நின்றார். அந்த முதலாவது கம்பத்துக்குப் பிறகு, நின்ற நாட்களுக்காகக் கல்லை அவர் ஒரு கம்பம்கூடப் பின்னால் வைத்ததில்லை என்பதை அப்போது நான் கவனித்திருந்தேன். கவனித்தேனே தவிர, விளங்கிக்கொள்ளவில்லை. இப்போதும் அந்தக் கல் அவர் வீட்டில் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது. சென்ற ஞாயிறு என் மகள் அதைக் காலால் உருட்டி, "தாத்தா, இது என்ன கல்லு?" என்றாள்.

"அதுவா? அது தானா நடக்குற கல்லு பாப்பா. ஒருதரம் ஒம்போது போஸ்ட்டு நடந்துச்சு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா குசினியில் எதையோ கீழே போட்டார்.

எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பல் துலக்கிய நாளுக்கு ஒரு நட்சத்திரம். கீழ் வரிசை எனக்கு: நடந்த நாளுக்கு ஒன்று. மகளின் வரிசையில் நான்கு கட்டம் வெறுமை. என்னுடையதில் பதினொன்று. வெறும் கட்டங்களைக் காணும்போதெல்லாம் அவளையும் திட்டுகிறேன், என்னையும் திட்டிக்கொள்கிறேன். இரண்டு முறை தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாள் ஒட்டினேன். அதுவும் சரியாகப் படவில்லை. பிரஷை இனித் தொடுவதில்லை என்று நேற்றுத் தீர்மானித்தேன். இன்று காலை தொடவில்லை. பேஸ்ட் மட்டும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தேன்.

பிள்ளை வளர்த்து முடித்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு இரண்டு விஷயம் சொல்லுங்கள். அந்த வெறும் கட்டங்களை என்ன செய்வது, கிழிப்பதா, அப்படியே விடுவதா? இன்னொன்று, என் அம்மா அன்று ஜன்னலிலிருந்து திரும்பித் தேத்தண்ணி ஊற்றப் போனாரே, அந்த மாதிரி திரும்பிப் போவதற்கு ஒருத்தி எங்கிருந்து தொடங்க வேண்டும்?