பைக்குக் காவல் இருந்தவளின் டிராவல் கார்டு

தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆனி, ஆடி மாதங்களில் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். மற்ற மாதங்களில் போனை எடுக்காதவர்கள்கூட, மேற்கே மலைமேல் மேகம் இறங்கியது தெரிந்ததும் "என்ன, சாரல் எப்படி இருக்கு?" என்று கூப்பிடுவார்கள். சனிக்கிழமை வருகிறோம் என்பதுதான் அந்தக் கேள்விக்கு அர்த்தம். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் அது எனக்குத் தெரியாது. மழையைப் பற்றித்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்து விலாவாரியாகப் பதில் சொன்னேன். சனிக்கிழமை காலையில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

விருந்தாளிகள் வருவது எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படிக்கிற என் நாத்தனார் கோபித்துக்கொள்வாள். வீடு நிறைய ஆள் இருந்தால் எனக்கே சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும். என் குறை வேறு. வந்தவர்களைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போவோம். அருவிக்கரையில் எல்லோரும் செயின், வளையல், போன் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போடுவார்கள். அந்தப் பை நேராக என் மடிக்கு வந்துவிடும். "நீங்க உள்ளூர்க்காரங்க மைனி, எப்ப வேணும்னாலும் குளிக்கலாம்லா" என்பாள் நாத்தனார். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நனையாத இடமாகப் பார்த்துப் பையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன். அவர்கள் ஈரத் தலையோடு பல் கிடுகிடுக்கச் சிரித்துக்கொண்டு வருவார்கள், நான் துண்டு எடுத்துக் கொடுப்பேன்.

மற்ற நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம். கடையத்தில் கணக்கு டீச்சர். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்கால பஸ்ஸில் திரும்பினால், அடுப்பும் விடைத்தாளும் காத்திருக்கும். எப்போது வேண்டுமானாலும் குளிக்கலாம் என்று இருந்ததிலேயே சீசன் அருவியில் நான் நனைந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதைவிட, ஒரே ஒரு தடவை நானும் எங்காவது விருந்தாளியாகப் போய்த் தங்க வேண்டும் என்று ஆசை. காலையில் யாராவது கதவைத் தட்டி, காபியா டீயா என்று என்னைக் கேட்க வேண்டும். மின்வாரியத்தில் இருந்து என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அன்றைக்கு, இனி உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். இதைத்தான் சொன்னேன்.

"இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான் என்றேன். ஆனால் அவரால் எதையும் இவ்வளவோடு விட முடியாது. கையில் வேலை இல்லாத மனிதர். யூடியூபில் யாரோ ஒருவர், ஒரு ரூபாய் செலவில்லாமல் பாரிஸ் போய் வந்தேன் என்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். அன்றைக்கே எங்கள் வீட்டுக்குள் டிராவல் கிரெடிட் கார்டுப் பேச்சு வந்துவிட்டது.

"ஏட்டி, செலவு எப்படியும் பண்ணத்தான் செய்யுதோம். அதையே இந்தக் கார்டுல பண்ணுனா பாயின்ட் வரும். பாயின்ட்ட வச்சு ஓசியில ஊர் சுத்தலாம். ஏர்போர்ட்டுல லவுஞ்சுக்குள்ள விடுவான். சோறு, காபி, எல்லாம் சும்மா."

"எந்த ஏர்போர்ட்டுல?"

"திருவனந்தபுரத்துல."

"அங்கன போக காருக்குக் குடுக்குற காசுல தென்காசியிலயே பத்து நாள் ஓட்டல்ல சாப்பிடலாம்" என்றேன்.

அவர் கேட்டால்தானே. ஒரு மாதம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. விமானக் கம்பெனியோடு சேர்ந்த கார்டு ஒன்று, ஓட்டல்காரர்களோடு சேர்ந்த கார்டு ஒன்று, எந்த ஊரில் எந்த ஓட்டலையும் பாயின்ட் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்கிற கார்டு ஒன்று. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றிலும் குறை கண்டுபிடித்தார். விமானக் கார்டின் மேல்தான் அவருக்குக் கண். வருஷக் கட்டணம் அதிகம் என்றாலும் கம்பீரமாக இருக்கிறது என்றார். கருப்பு நிறம், ஓரத்தில் பொன் கோடு. மின்வாரியத்தில் கடைசி வரை டூவீலரில் கம்பம் கம்பமாக அலைந்தவருக்குக் கம்பீரத்தின் மேல் ஆசை வருவதில் தப்பில்லை. ஆனால் சம்பளச் சீட்டு என்னிடம்தான் இருந்தது. கார்டு என் பெயரில்தான் வரும் என்பது அவருக்குத் தெரியவந்தபோது, சட்டென்று என்னிடம் மரியாதை கூடிவிட்டது.

"நீயே சொல்லு, எது வேணும்?"

"எனக்குப் பறக்க வேண்டாம். படுக்கணும்" என்றேன். எந்த ஓட்டலையும் எடுக்கலாம் என்கிற கார்டைக் காட்டினேன். அது மங்கலான சாம்பல் நிறம். அவர் முகமும் கொஞ்ச நேரம் அதே நிறத்தில் இருந்தது.

விண்ணப்பம் போட்ட பிறகு சென்னையில் இருந்து ஒரு பெண் பேசினாள். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. நல்ல மரியாதையான பிள்ளை. "மேடம், நீங்க அடிக்கடி டிராவல் பண்ணுவீங்களா?" என்றாள்.

"தினமும் பண்ணுவேன்" என்றேன்.

அவள் குரலில் ஒரு துள்ளல் வந்தது. "சூப்பர் மேடம். எங்க டிராவல் பண்ணுவீங்க?"

"கடையத்துக்கு."

தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது. "அது டொமஸ்டிக்கா, இன்டர்நேஷனலா மேடம்?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழ் டீச்சருக்குப் புரையேறிவிட்டது. நான் கணக்கு டீச்சர், சிரிக்காமல் பதில் சொல்லப் பழகியவள். "டொமஸ்டிக்தான்மா. பஸ் அங்கன வரைக்கும்தான் போகும்" என்றேன். கார்டு கொடுத்துவிட்டார்கள்.

வந்த பிறகுதான் வம்பு தெரிந்தது. தென்காசியில் நாங்கள் தினமும் செலவு செய்கிற இடம் எதிலும் கார்டு செல்லாது. பால்காரர், காய்க்கடை, மாவு மில், புளியங்குடியில் இருந்து எலுமிச்சை கொண்டுவருகிறவர் எல்லோருமே ஜிபே. கார்டை நீட்டினால், ஏதோ செல்லாத நோட்டை நீட்டிய மாதிரி பார்ப்பார்கள். இவர் பெட்ரோல் பங்கில் உற்சாகமாகத் தேய்த்துவிட்டு வந்தார். பெட்ரோலுக்குப் பாயின்ட் கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது. நகைக்கும் கிடையாது. "பெறகு எதுக்குத்தான் குடுப்பான்?" என்று கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளூரச் சிரிப்பாகவும் இருந்தது.

அப்போதுதான் சீசன் ஆரம்பித்தது.

சீசன் விருந்தில் முக்கியமான சடங்கு, குளித்துவிட்டு வரும் வழியில் செங்கோட்டை ரோட்டில் பரோட்டா சாப்பிடுவது. அதைவிட முக்கியமான சடங்கு, சாப்பிட்ட பிறகு கல்லாவில் நடக்கும் சண்டை. விருந்தாளியைக் காசு கொடுக்க விட்டால் வீட்டுக்காரருக்கு அவமானம். கொடுக்க முயற்சி செய்யாவிட்டால் விருந்தாளிக்கு அவமானம். அதனால் கையைப் பிடித்து இழுப்பார்கள், சட்டைப் பையில் நோட்டைத் திணிப்பார்கள், என் மேல் சத்தியம் என்பார்கள். கடைசியில் வீட்டுக்காரர்தான் கொடுப்பார் என்று கல்லாவில் இருப்பவர் உட்பட எல்லோருக்கும் தெரியும். விருந்தாளி சரியான நேரம் பார்த்து விட்டுக்கொடுத்துவிடுவார். இதுதான் ஊர் வழக்கம்.

அந்த வருஷம் நாத்தனார் குடும்பம் சென்னையில் இருந்து முதல் ஆளாக வந்தது. பரோட்டாவை முடித்துக் கை கழுவுவதற்குள் என் வீட்டுக்காரர் கல்லாவில் இருந்தார். அவருக்கு முன்னால் நாத்தனாரின் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேர் கையிலும் கார்டு.

"மாப்ள, நீங்க தள்ளுங்க."

"இல்ல மச்சான், இன்னிக்கு நான்தான்."

வழக்கமான சண்டை என்று நினைத்து நாங்கள் பெண்கள் வெளியே சோம்பு மென்றுகொண்டு நின்றோம். சண்டை நிற்கவில்லை. விட்டுக்கொடுக்க வேண்டிய நேரம் வந்தும் மாப்பிள்ளை விட்டுக்கொடுக்கவில்லை. இவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் இவர் தோளை அமுக்கினார். இருவர் முகமும் நிஜமாகவே சிவந்துவிட்டது. பின்னால் பில் கொடுக்க நின்றவர்கள், என்ன பாசம் பார் என்று மெச்சிக்கொண்டிருந்தார்கள்.

கல்லாவில் இருந்தவர் பொறுமை இழந்தார். "அண்ணாச்சி, ரெண்டு பேரும் கார்ட நீட்டுனா நான் என்ன செய்ய? ஜிபே இருந்தா போட்டுட்டுப் போங்க."

"ஜிபே வேண்டாம்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர்தான் மெதுவாகக் கேட்டார். "மாப்ள, ஒமக்கும் பாயின்ட்டா?"

"மைல்ஸ் மச்சான், பிளேன்ல போக" என்றார் அவர், தலையைக் குனிந்துகொண்டு. அவர் கையில் இருந்தது கருப்புக் கார்டு, ஓரத்தில் பொன் கோடு. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். ஆனாலும் விடவில்லை. "எங்க ஊர்ல வந்து நீரு எப்படிவே குடுப்பீரு?" என்று சாம்பல் நிறக் கார்டை மெஷினில் செருகிவிட்டார். எங்கள் ஊர் வழக்கம் அன்றைக்கு எங்களுக்குச் சாதகமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த சீசனில் யார் வந்தாலும் அவருக்குக் கொண்டாட்டம். கார்டு மெஷின் இருக்கிற கடையாகப் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போவார். திருநெல்வேலியில் துணி எடுக்க வேண்டும் என்று வடகரை அத்தை வந்தபோது, நான் தேய்க்கிறேன், பிறகு கொடுத்தால் போதும் என்று கூடவே கிளம்பிவிட்டார். என்னை எங்கும் போக விடாத விருந்தாளிகள்தான் எனக்குப் பாயின்ட் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்த வருஷம் நான் மாவு ஆட்டிய ஒவ்வொரு நாளும் சலிப்பில்லாமல் ஆட்டினேன்.

அடுத்த ஆனியில் ஒரு ராத்திரிக்கு நல்ல ஓட்டல் எடுக்கிற அளவுக்குப் பாயின்ட் சேர்ந்திருந்தது. அவர் மூணாறு என்றார், கொச்சி என்றார், கோவா என்றுகூடச் சொன்னார். போனை அவரிடம் இருந்து வாங்கி, ஊர் பெயர் கேட்ட கட்டத்தில் நானே தட்டினேன்.

எட்டிப் பார்த்தார். "ஏட்டி, இது குத்தாலம்லா!"

"ஆமா."

"இங்கனக்குள்ள அஞ்சு கிலோமீட்டர். இதுக்கா இம்புட்டு பாடுபட்டேன்?"

"அங்கன போனா நான் யார் பையையும் பாத்துக்க வேண்டாம்" என்றேன்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மலையப் பாத்த ரூமா எடு" என்றார்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஆட்டோவில் போய் இறங்கினோம். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் ஆதார் கார்டில் விலாசத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள், மறுபடி விலாசத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை, நல்ல வளர்ப்பு. சாயங்காலம் துண்டை எடுத்துக்கொண்டு பேரருவிக்குப் போனால், மலையில் பலத்த மழை. தண்ணீர், அருவிக்கு முன்னால் பாதுகாப்புக்குக் கட்டிய ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை என்று போலீஸ்காரர் கயிறு கட்டியிருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அவர் என் கையில் இருந்த காய்ந்த துண்டை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "காலையில விட்டுருவான், பாரு" என்றார். சாப்பிடும்போதும் அதையே சொன்னார்.

காலையில் கதவு தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். திறந்தால் ஒரு அம்மாள், என் வயதுதான் இருக்கும். "காபியா டீயா மேடம்?" என்றாள். எப்போதும் கேட்கிறவள் நான் அல்லவா. ரெண்டும் என்று சொல்லிவிட்டேன், ரெண்டையும் நானே குடித்தேன்.

அருவியில் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் போவதற்கு முன் செயினையும் வளையலையும் போனையும் கழற்றிப் பையில் போட்டு அவரிடம் நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நனையாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன். முதுகில் தண்ணீர் விழுந்தபோது வலித்தது, மூச்சு முட்டியது, சத்தமாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண்கள் எந்த ஊர் என்று கேட்டார்கள். தென்காசி என்றால் நம்ப மாட்டார்கள் என்று சிரித்தே சமாளித்தேன்.

போதும் என்று வெளியே வந்தபோது அவர் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா, நாங்க ஊர்ல இல்ல... ஆமா, வெளியூருதான்... சத்தமா? இங்கனயும் ஒரு அருவி இருக்கு..." நாத்தனாரிடம் ஒரு நாளும் பொய் சொல்லாத மனிதர். எனக்காக முதல் முறையாகச் சொல்லிப் பார்க்கிறார், வரவில்லை. போனை ஈரக் கையாலேயே வாங்கினேன்.

"மைனி, எந்த ஊர்ல இருக்கீங்க? நாங்க ராஜபாளையம் தாண்டி வந்துக்கிட்டிருக்கோம். சாரல் எப்படி?"

"குத்தாலத்துலதான் இருக்கோம்ட்டி. நாங்க விருந்தாடி வந்திருக்கோம். சாவி பக்கத்து வீட்டுல இருக்கு. பிரிட்ஜுல பால் இருக்கு, காபித்தூள் மேல் தட்டுல. நீ போட்டுக் குடி. நான் மதியம் வந்துருதேன்."

அந்தப் பக்கம், நேராக வீட்டுக்கே போகச் சொல்லி அவள் வண்டிக்குள் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு, "நல்லாக் குளிங்க மைனி" என்றாள்.

அவர் துண்டை நீட்டினார். போனை மறுபடியும் பைக்குள் போட்டு, துண்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அருவிக்குள் போனேன்.