இடி வராத பாட்டு

பாட்டுத் தொடங்கி இரண்டு நிமிஷம் ஆகியும் யாரும் கத்தவில்லை. சுரேந்தர் முதலில் சந்தேகப்பட்டது ஹெட்போனை. கழற்றி, ஊதி, மறுபடி மாட்டிப் பார்த்தான். அடுத்து போனைச் சந்தேகப்பட்டான். அணைத்துப் போட்டு, ஸ்பீக்கரிலேயே விட்டான். சந்தேகப்படக் காது மட்டுமே மிச்சமிருந்த நேரத்தில் பாடகன் சீனு வாயைத் திறந்தான். திறந்து, பாடினான்.

உறுமவில்லை. அலறவில்லை. தொண்டைக்குள் யாருடைய கழுத்தையோ நெரிக்கிற அந்தப் பழைய சத்தம் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது என்ற கவலையோடு, மெதுவாக, மெட்டுப் போட்டுப் பாடினான். பின்னால் கிட்டார், பனியில் வழி தவறிய மாடு மாதிரி சாவகாசமாக மணியாட்டிக்கொண்டு போனது. டிரம்ஸ்காரனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை போலிருக்கிறது. அவன் வரவே இல்லை.

குடுகு என்றால் கன்னடத்தில் இடி. மைசூரின் சொந்த மெட்டல் இசைக் குழுவுக்கு அந்தப் பெயர் இத்தனை வருஷமும் பொருத்தமாகத்தான் இருந்தது. இனிமேல் தூறல் என்று மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சமையலறையிலிருந்து வைஷாலி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, யாரு இது பாடறது? நல்லா இருக்குதே. இன்னொருக்கா போடுங்க."

அனூரிலிருந்து கல்யாணமாகி வந்த நாள் முதல் குடுகுவை 'உங்க மிக்ஸி' என்று மட்டுமே சொல்லி வந்தவள் அவள். ஒரு மெட்டல் குழு செத்துப்போனதற்கு டாக்டர் சர்டிபிகேட் தேவையில்லை. ரசிகனின் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே தலையாட்டினால் போதும்.

'குடுகு படை' என்ற வாட்ஸ்அப் குழுவில் மத்தியானத்துக்குள் இழவு விழுந்துவிட்டது. ஒருவன் சீனுவின் படத்துக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி அனுப்பினான். இன்னொருவன், "எங்க அம்மாவுக்குப் பிடிச்சிருச்சு. இனி எந்த மூஞ்சியோட இந்த டீ-ஷர்ட் போடறது?" என்று கேட்டிருந்தான். பல் டாக்டருக்குப் படிக்கும் சௌம்யா மட்டும், "இது அட்மாஸ்பியரிக் ராக். கண்ணை மூடிக் கேளுங்க. பனிக்குள்ள நடக்கிற மாதிரி இருக்கும்" என்று எழுதினாள்.

"பனி வேணும்னா விடியக்காலம் சாமுண்டி மலைக்குப் போறேன். ஓசி" என்று பதில் வந்தது. அது முனிராஜ். அக்ரஹாரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன்; சுரேந்தரின் பள்ளிக்கூடக் கூட்டாளி.

பொழுது சாய்வதற்குள் படை இரண்டானது. தலையாட்டுகிறவர்கள் ஒரு பக்கம், தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் மறுபக்கம். ஏன் மாறினீர்கள் என்று கேட்டதற்கு சீனு சொன்ன காரணம் இரண்டு கட்சியையும் சேர்த்தே உலுக்கியது. "கத்திக் கத்தி போரடிச்சிருச்சு" என்றானாம். தொண்டையில் கட்டி என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பார்கள். பணத்துக்காக என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மன்னித்திருப்பார்கள். போர்!

சுரேந்தரின் அதிர்ச்சி இவர்களுடையது மாதிரி அல்ல. அதைச் சொல்வதற்கு அவன் பிழைப்பைச் சொல்ல வேண்டும்.

அவன் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுக்கிறவன். அப்பா ரத்தினவேல் கொள்ளேகால் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து மேஸ்திரியானவர். மகன் சிமெண்ட் தூசியில் நிற்கக் கூடாது என்று படிக்க வைத்தார்; மகன் ஏசியில் நின்றான். பகல் முழுக்க அவன் பேசுவது இரண்டே வாக்கியம். "மூச்சை இழுத்துப் பிடிங்க." "விடுங்க." அதையும் மெல்லிய குரலில் சொல்ல வேண்டும், வருகிறவர்கள் ஏற்கெனவே பயந்துபோய் வருகிறார்கள். அவனுக்கு ஒரு பெயர் உண்டு என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. "எக்ஸ்ரே, பேஷண்ட் வந்திருக்கு" என்பார்கள். எக்ஸ்ரே போய் நிற்பான்.

குடுகு வாசிக்கிற இடத்தில் மட்டும் அவன் மேஸ்திரி.

வேறு யாரும் இடம் தராததால் குடுகு வருஷா வருஷம் வாசிப்பது கௌரம்மாவின் கல்யாண மண்டபத்தில். பிணம், நரகம், ரத்த ஆறு எதைப் பற்றிப் பாடினாலும் கௌரம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஹோமம் நடக்கிற தரை, செருப்பும் ஷூவும் வாசலோடு சரி. ஆகவே மைசூரின் மெட்டல் ரசிகர்கள் நெஞ்சில் மண்டை ஓடும் கீழே வெறுங்காலுமாக, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வட்டமாக ஓடுவார்கள். முதல் வருஷம் வழவழத் தரையில் ஆட்கள் சறுக்கிச் சறுக்கி விழுந்தபோது, சுரேந்தர் இரண்டு கையையும் விரித்து, அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டுகிற அப்பா மாதிரியே கூட்டத்தைப் பின்னால் தள்ளி இடம் ஒழித்தான். விழுந்தவனை மிதிபடுவதற்குள் தூக்கி நிறுத்தினான். "பலே மேஸ்திரி!" என்று ஒருவன் கத்தினான். ஒட்டிக்கொண்டது. எந்தத் தொழில் வேண்டாமென்று அப்பா படிக்க வைத்தாரோ, அந்தத் தொழிலின் பட்டத்தை மகன் ஒரு சல்லிக்காசு சம்பளமில்லாமல் வாங்கிக்கொண்டான்.

கடைசிப் பாட்டுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. டிரம்ஸ் சட்டென்று நின்றுபோகும். அத்தனை பேரும் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். நடுவில் மேஸ்திரி கையைத் தூக்கியபடி நிற்பான். டிரம்ஸ் இடியாக விழும், கை இறங்கும், படை எகிறிக் குதித்து ஓடும்.

பனிக்குள் யார் ஓடுவார்கள்? ஓட்டமில்லை என்றால் வட்டம் எதற்கு, வட்டமில்லை என்றால் மேஸ்திரி எதற்கு? மற்றவர்கள் பாட்டுப் போச்சே என்று அலறினார்கள். சுரேந்தருக்குப் போனது வேலை.

இந்த வருஷத்துக் கச்சேரிக்கு முந்தின நாள் முனிராஜ் கடையில் அவனை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தான். மைசூர்க்காரர்கள் கூட்டாளியைக் கூப்பிடுகிற மாதிரி கன்னடத்தில் 'மகா', அதாவது மகனே, என்றுதான் அவனைக் கூப்பிடுவான்.

"லோ மகா, கேளு. அந்தப் பனிப் பாட்டு ஆரம்பிச்ச உடனே கையைத் தூக்கு. தூக்கி வாசலைக் காட்டு. படை மொத்தமும் வெளிய வந்துரும். சீனு காலி மண்டபத்துக்குப் பாடட்டும்."

"காட்டறேன்."

"சத்தியமா?"

"காட்டறேன்னா காட்டறேன்."

"உங்க வீட்டம்மா வர்றாங்களாமே?"

"அந்தப் பாட்டைக் கேக்கணுமாம்."

"எதிரியை வீட்டிலேயே வெச்சுச் சோறு போடறியேடா!"

"சோறு போடறது அவதான்," என்றான் சுரேந்தர்.

அந்தப் பாட்டில் தப்புக் கண்டுபிடிப்பதற்காக அதை எத்தனை தடவை கேட்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் வைஷாலி பட்டுப் புடவையும் மல்லிகையுமாக, கல்யாணத்துக்கு வந்தவள் மாதிரி பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள். பழைய பாட்டுகள் முழங்கின. வட்டம் ஓடியது. மேஸ்திரி தள்ளினான், தூக்கினான், வியர்த்தான். எல்லாம் முறைப்படி நடந்தது.

அப்புறம் டிரம்ஸ் சட்டென்று நின்றது.

இத்தனை வருஷத்துப் பழக்கம் மூளையைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது? படை மொத்தமும் தொப்பென்று குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. முனிராஜும் உட்கார்ந்தான். சுரேந்தரின் கை தானாக மேலே போயிற்று. அதற்குப் பிறகுதான் கிட்டார் மணியாட்டத் தொடங்கியது. சீனு கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

அதுதான் புதுப் பாட்டு. டிரம்ஸ் வரப்போவதில்லை.

"வாசல்!" என்று முனிராஜ் கீழேயிருந்து சீறினான். "வாசலைக் காட்டுடா!"

சுரேந்தர் கையைப் பார்த்தான். காட்டினால் பாதிப் பேர் எழுந்து போவார்கள், சௌம்யா மாதிரி ஆட்கள் இந்த ஜன்மத்தில் மன்னிக்க மாட்டார்கள். இறக்கினால் இவ்வளவு பேரும் தாலாட்டுக்கு நடுவே எகிறிக் குதித்துத் தொலைப்பார்கள். அவன் கையைத் தூக்கியது தூக்கியபடியே நின்றான். பாட்டுப் போய்க்கொண்டே இருந்தது. குத்துக்காலிட்டவர்களின் முழங்கால்கள் நடுங்கின. படையில் பலருக்கு வயசு நாற்பதை நெருங்கிவிட்டது. மெட்டலுக்கு அது தெரியாது, முட்டிக்குத் தெரியும். ஆனாலும் ஒருத்தரும் அசையவில்லை. மேஸ்திரியின் கையைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பிடித்திருந்தார்கள். ஸ்கேன் சென்டரில்கூட அவன் பேச்சை இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கேட்டதில்லை.

முனிராஜ் பொறுமை இழந்தான். "போங்கடா நீங்களும் உங்க பனியும்" என்று எழுந்தான். எழுந்தவனுக்கு இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன. அடி எடுத்து வைத்தான். அடுப்பில் வைத்த அப்பளம் மாதிரி மடங்கி விழுந்தான்.

விழுந்தவனைத் தூக்க வேண்டும். அதற்குப் பாட்டுப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. சுரேந்தரின் கை கடைசியில் இறங்கியது, முனிராஜின் அக்குளுக்குள். எகிறிக் குதிக்க யாருக்கும் காலில் தெம்பு மிச்சமில்லை.

"விடுடா, நான் வெளிநடப்பு பண்றேன்."

"பண்ணு. பிடிச்சுட்டுப் பண்ணு."

நொண்டுகிறவனைத் தோளில் சாய்த்து மேஸ்திரி வாசலைப் பார்த்து நடந்ததை, சைகை கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கொஞ்சம் பேர் தட்டுத் தடுமாறிப் பின்னால் வந்தார்கள். மற்றவர்கள் தரையில் சம்மணம் போட்டுக்கொண்டார்கள். படை பிரிந்தேவிட்டது.

வாசலில், செருப்புக் குவியலின் மேல் முனிராஜை இறக்கினான்.

"சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டே, மகா," என்றான் முனிராஜ் காலைத் தேய்த்துக்கொண்டே. "வா, போலாம்."

சுரேந்தர் நகரவில்லை. உள்ளே பார்த்தான்.

"உள்ள இன்னும் அம்பது பேரு உக்காந்திருக்காங்க."

"உக்காரட்டும்! துரோகிங்க!"

"பாட்டு முடிஞ்சா எந்திரிப்பாங்க. கால் மரத்திருக்கும். விழுவாங்க."

"விழட்டுமேடா!"

"யாரு தூக்கறது?"

சுரேந்தர் உள்ளே போய்விட்டான்.

பாட்டு முடிந்தது. எழுந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். மேஸ்திரிக்கு அன்றைக்கு இருந்த வேலை எந்த வருஷமும் இருந்ததில்லை. ஓடி விழுகிறவனை மட்டுமே தூக்கிப் பழகியவன், உட்கார்ந்தே விழுகிறவர்களைத் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டான். வைஷாலி நாற்காலியிலிருந்தே கேட்டாள்:

"ஏனுங்க, உங்க ஆளுங்க பாட்டுக் கேக்கவா வந்தாங்க, வைத்தியத்துக்கா?"

எல்லாம் முடிந்து சுரேந்தரும் வைஷாலியும் வெளியே வந்தபோது, வெளிநடப்புச் செய்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். முனிராஜ் மட்டும், கால் எப்போதோ சரியாகிவிட்ட பிறகும், கதவோரமாகச் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கதவு அகலத் திறந்திருந்தது.

"போகலையா?"

"செருப்பைத் தேடிட்டு இருக்கேன்," என்றான் முனிராஜ்.

அவன் உட்கார்ந்திருந்ததே அதன் மேல்தான். சுரேந்தர் குனிந்து, கையை நீட்டினான்.